லிமெரிக்கில் பிறந்ததாகச் சொல்லப்படும் மேரி ஜேன் கெல்லி: வேர் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

1888 நவம்பர் 9ஆம் தேதி, லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில், டார்செட் தெருவை ஒட்டிய மில்லர்ஸ் கோர்ட் என்ற சந்தின் 13ஆம் எண் அறையில் ஓர் இளம்பெண் கொலையுண்டு கிடந்தார். ‘ஜாக் த ரிப்பர்’ என்று அழைக்கப்பட்ட, யாரென்றே தெரியாத கொலையாளியின் கொலைகளில் கடைசியானது என்று பெரும்பாலோர் கருதுவது அதைத்தான். அவர் இறந்த விதத்தைப் பற்றி எழுதிக் குவித்துவிட்டார்கள். அவர் எந்த வீட்டில் பிறந்தார், அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டால் பதில் இல்லை. அந்தப் பதிலைப் பழைய பதிவேடுகளில் தேடுகிறவர்களில் நானும் ஒருத்தி. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கொலையைப் பற்றிய கேள்விகளுக்கு இங்கே இடமில்லை.

அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் எங்கிருந்து வந்தது?

ஏறக்குறைய எல்லாமே ஒரே ஒருவர் வாயிலிருந்து வந்தது. அவர் பெயர் ஜோசப் பார்னெட். பில்லிங்ஸ்கேட் மீன் சந்தையில் சுமை தூக்கியவர். மேரியுடன் ஓராண்டு எட்டு மாதம் சேர்ந்து வாழ்ந்தவர். கொலைக்குப் பத்து நாள் முன்புதான் சண்டையில் பிரிந்து போயிருந்தார். நவம்பர் 12ஆம் தேதி ஷோர்டிச் நகர மண்டபத்தில், ரோடரிக் மெக்டொனால்டு என்ற அதிகாரியின் முன் நடந்த மரண விசாரணையில் பார்னெட் சாட்சி சொன்னார். அந்த விசாரணைத் தாள்கள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. போலீசாரிடம் அவர் தந்த வாக்குமூலமும் இருக்கிறது.

அவர் சொன்னதன் சாரம் இது. மேரி அயர்லாந்தின் லிமெரிக்கில் பிறந்தவர். மிகச் சிறு வயதிலேயே குடும்பம் வேல்ஸுக்குப் போய்விட்டது. அப்பா ஜான் கெல்லி, கார்னர்வன்ஷயரிலோ கார்மார்தன்ஷயரிலோ ஓர் இரும்பு ஆலையில் மேஸ்திரி. ஆறேழு சகோதரர்கள், ஆறு பேர் வீட்டில், ஒருவர் ராணுவத்தில். ராணுவத்தில் இருந்தவர் பெயர் ஹென்றி. ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையின் இரண்டாம் பட்டாளம். கூட்டாளிகள் அவரை ‘ஜான்டோ’ என்று கூப்பிடுவார்கள். ஒரே ஒரு சகோதரி, கௌரவமாகப் பிழைப்பவர், சந்தை சந்தையாகப் போய் வருபவர். மேரிக்குப் பதினாறு வயதில் டேவிஸ் என்ற நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியுடன் கல்யாணம். இரண்டு மூன்று வருடத்தில் அந்தக் கணவர் ஒரு வெடிவிபத்தில் இறந்தார். பிறகு கார்டிஃபில் ஒரு உறவுப் பெண்ணிடம் போனார், அங்கே எட்டொன்பது மாதம் மருத்துவமனையில் கிடந்தார், 1884 வாக்கில் லண்டன் வந்தார்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, அந்தக் குடும்பத்தில் எவருடனும் தான் பேசியதே இல்லை என்றும் பார்னெட் சொன்னார். ஆகவே நம் கையில் இருப்பது மேரி சொன்ன கதையின் இரண்டாம் கைச் செய்தி. தேடலில் இறங்கும் எவரும் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது இது.

பார்னெட்டை நம்பலாமா?

நம்பலாம் என்பது என் கருத்து. சாட்சியைத் தெளிவாகச் சொன்னதற்காக விசாரணை அதிகாரியே அவரைப் பாராட்டினார். தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்கிறார். இரண்டு மாவட்டப் பெயர்களில் எது என்று உறுதியில்லாதபோது இரண்டையும் சொல்கிறார். இட்டுக்கட்டுகிறவர் இப்படித் தயங்க மாட்டார்.

பார்னெட்டிடம் மேரி உண்மையைச் சொன்னாரா என்பதுதான் கடினமான கேள்வி. பார்னெட்டுக்கு முன்பு லண்டன் துறைமுகப் பக்கம் மேரியை அறிந்திருந்த ஒரு பெண்மணி பத்திரிகைக்காரர்களிடம் வேறு விதமாகச் சொன்னார்: முதலில் தன்னை வேல்ஸ்காரி என்றும், தன்னைக் கைவிட்ட பெற்றோர் கார்டிஃபில் இருக்கிறார்கள் என்றும் மேரி சொன்னாராம், சில சமயம் அயர்லாந்துக்காரி என்றும் சொல்லிக்கொள்வாராம். குழந்தையாக இருந்தபோதே லிமெரிக்கிலிருந்து வேல்ஸ் வந்து அங்கே வளர்ந்த பெண் இரண்டையும் சொல்லக்கூடியவள்தான். இதை முரண்பாடு என்று ஒதுக்குவதைவிட, பார்னெட்டின் கதைக்கு இன்னொரு பக்கத்திலிருந்து கிடைத்த ஒரு சிறு ஆதரவு என்றே நான் படிக்கிறேன்.

லிமெரிக் பிறப்புப் பதிவில் ‘மேரி கெல்லி’ என்று நேரே தேடினால் போதாதா?

போதாது. காரணம் ஒரு தேதி. அயர்லாந்தில் எல்லாப் பிறப்பு இறப்புகளையும் அரசு பதியத் தொடங்கியது 1864 ஜனவரி 1ஆம் தேதி. மேரிக்கு வயது இருபத்தைந்து என்று பார்னெட் சொன்னார். இறப்புப் பதிவிலும் சவப்பெட்டியின் தகட்டிலும் அதுவே ஏறியது. அப்படியானால் பிறப்பு 1863 வாக்கில். அரசுப் பதிவேட்டின் கதவு திறப்பதற்குச் சில மாதம் முன்பு அவர் பிறந்து தொலைந்துபோயிருக்கிறார்.

ஆனால் அந்த இருபத்தைந்தும் வாய்ச்சொல்தான். பிறந்த தேதியைக் கொண்டாடும் வழக்கம் ஏழைக் குடும்பங்களில் அன்று குறைவு. தன் வயதையே இரண்டு மூன்று ஆண்டு தள்ளிச் சொன்னவர்களை எந்தக் குடிக்கணக்கிலும் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) பார்க்கலாம். அதனால் 1860 முதல் 1866 வரை வலையை விரித்துப் போடுங்கள். 1864க்குப் பிந்தையவற்றை ஐரிஷ் அரசின் இலவச வம்சாவளித் தளத்தில் அசல் பக்கங்களின் படமாகவே பார்க்கலாம். குழந்தையின் பெயர், பிறந்த ஊர், அப்பாவின் தொழில், அம்மாவின் பிறந்தவீட்டுப் பெயர் எல்லாம் அதில் இருக்கும். பதிவு கட்டாயமாக இருந்தும் முதல் சில ஆண்டுகளில் பலர் குழந்தையைப் பதியவே இல்லை. எனவே அங்கே காணவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அடுத்த இடைஞ்சல் பெயர். அயர்லாந்தில் மர்ஃபிக்கு அடுத்தபடி மிக அதிகமாக உள்ள குடும்பப் பெயர் கெல்லி. மேரி என்பதோ கத்தோலிக்கக் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவர். இது போதாதென்று, லிமெரிக் பக்கம் ‘கீலி’ என்ற வேறொரு குடும்பப் பெயரும் பரவலாக உண்டு. அவசரமாக எழுதும் கையில் கீலி கெல்லியாகும், கெல்லி கீலியாகும்.

அப்படியானால் 1864க்கு முந்தைய பிறப்பை எங்கே தேடுவது?

கத்தோலிக்கப் பங்குக் கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளில். மேரியைக் கத்தோலிக்க முறைப்படி, லேட்டன்ஸ்டோனில் உள்ள புனித பாட்ரிக் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அது அவருடைய மதம் என்று பார்னெட்டும், மேரிக்கு அறையை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் மெக்கார்த்தியும் உறுதியாக இருந்தார்கள். எனவே கோயில் ஏட்டில் தேடுவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது.

அயர்லாந்து தேசிய நூலகம் இந்த ஏடுகளின் நுண்படங்களை 2015இல் இணையத்தில் இலவசமாகப் போட்டது. பெரும்பாலான பங்குகளுக்கு 1880 வரை கிடைக்கிறது. முதல் முறை திறக்கிறவர்கள் திகைத்துப் போவார்கள். கறுப்பு வெள்ளைப் படம். பக்கத்தின் மடிப்போரம் இருட்டாக இருக்கும். சில இடங்களில் மை கசிந்து மறுபக்க எழுத்து இந்தப் பக்கம் தெரியும். பல ஏடுகள் லத்தீனில். மேரியை ‘மரியா’ என்று தேட வேண்டும், ஜானை ‘யோவான்னெஸ்’ என்று, ஹென்றியை ‘ஹென்ரிக்குஸ்’ என்று. ஒரு பதிவு பெரும்பாலும் ஒன்றரை வரிதான்: தேதி, குழந்தை, அப்பா, அம்மா, ஞானத்தந்தை, ஞானத்தாய். சில குருக்கள் ஊரையும் ஓரத்தில் குறித்திருப்பார்கள். சிலர் குறிக்கவே மாட்டார்கள்.

ஞானப்பெற்றோரின் பெயர்களைப் பலர் படிக்காமல் தாண்டிப் போகிறார்கள். தாண்டாதீர்கள். அம்மாவின் தங்கை, அப்பாவின் அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர் என்று குடும்பத்துக்கு நெருங்கியவர்கள்தான் அந்த இடத்தில் நிற்பார்கள். கார்டிஃபில் இருந்ததாகச் சொல்லப்படும் அந்த உறவுப் பெண்ணின் குடும்பப் பெயர் இப்படி ஓர் ஓரத்தில் இருக்கக்கூடும். நான் ஒரு தாளில் அம்மாவின் பெயர்களை ஒரு பக்கமும் ஞானப்பெற்றோர் பெயர்களை மறுபக்கமும் எழுதிக்கொண்டே போவேன். நாற்பது ஐம்பது பக்கம் தாண்டியபின், தனித்தனியாக ஒன்றும் சொல்லாத பெயர்கள் ஒன்றையொன்று சுட்டத் தொடங்கும்.

இன்னொன்று. ‘லிமெரிக்’ என்றால் நகரமா, மாவட்டமா? வெளியூரில் இருப்பவர்கள் தங்கள் சிற்றூரைச் சொல்லாமல் எல்லோருக்கும் தெரிந்த ஊரையே சொல்வார்கள். நகரத்துப் பங்குகளை மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று எழுந்துவிடக் கூடாது. லிமெரிக் மாவட்டத்தின் ஊர்கள் எல்லாம் லிமெரிக் மறைமாவட்டத்திலும் இல்லை. கிழக்குப் பகுதியில் பல பங்குகள் கேஷல்–எம்லி மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை.

அயர்லாந்தின் குடிக்கணக்கில் பார்க்க முடியாதா?

முடியாது. 1861, 1871 கணக்குத் தாள்களை, புள்ளிவிவரம் எடுத்து முடிந்ததும் அரசே அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகப் போயின. அதற்கு முந்தையவற்றில் பெரும்பகுதி 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தின் ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தபோது சாம்பலானது. முழுமையாக மிஞ்சிய முதல் கணக்கு 1901ஆம் ஆண்டுடையது.

அந்தத் தீயில் புராட்டஸ்டன்ட் அயர்லாந்துத் திருச்சபையின் பதிவேடுகளிலும் பாதிக்குமேல் போயின. கத்தோலிக்க ஏடுகள் அந்தந்தப் பங்கிலேயே இருந்ததால் பிழைத்தன. அரசு அலமாரிக்குப் போகாத ஏழைகளின் ஏடுதான் நம்மிடம் மிஞ்சியிருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் உடல் சிலிர்க்கிறது.

கிரிஃபித் மதிப்பீடு என்ற நில வரிக் கணக்கு 1847 முதல் 1864 வரை அச்சானது. அதில் வீட்டையோ நிலத்தையோ தன் பெயரில் வைத்திருந்தவர் மட்டுமே வருவார். கூலிக்காரராக ஒண்டுக்குடித்தனம் இருந்த ஜான் கெல்லி அதில் வர மாட்டார்.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது?

வேல்ஸிலிருந்து. அயர்லாந்தில் தேடும் பெண்ணுக்கு வேல்ஸில் தொடங்குவதா என்று கேட்பார்கள். ஆம். தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்குப் பின்னோக்கி நடப்பதுதான் வம்சாவளித் தேடல். அந்த வழியில் அயர்லாந்துக்கு முந்தைய படி வேல்ஸ்.

முதலில் மாவட்டம் எது? கார்னர்வன்ஷயர் வடக்கே இருக்கிறது. பலகைக்கல் குவாரிகளின் நாடு. கார்மார்தன்ஷயர் தெற்கே இருக்கிறது. லானெல்லியின் தகர ஆலைகளும் உலோகப் பட்டறைகளும் அதைச் சுற்றி நிலக்கரிச் சுரங்கங்களும் கொண்டது. அப்பா இரும்பு ஆலையில், கணவர் நிலக்கரிச் சுரங்கத்தில், உறவுப் பெண் கார்டிஃபில் என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தெற்குதான் பொருந்துகிறது. கார்னர்வன் என்ற சொல் பார்னெட்டின் காதில் விழுந்த குழப்பமாக இருக்கலாம். வேல்ஸை அறியாத லண்டன்காரருக்கு இரண்டு பெயரும் ஒன்றுபோலத்தான் கேட்கும். ஆனால் கார்மார்தனிலேயே நின்றுவிடாமல் கிளமார்கன், மன்மத்ஷயர் ஆலை ஊர்களையும் சேர்த்துப் பாருங்கள். வேலை எங்கே இருந்ததோ அங்கே குடும்பங்கள் நகர்ந்துகொண்டே இருந்தன.

அடுத்து, எந்தக் கணக்கு? 1871 ஏப்ரல் 2ஆம் தேதி எடுத்த கணக்கு. அன்று மேரிக்கு ஏழெட்டு வயது; அப்பா அம்மாவோடு, கெல்லி என்ற பெயரோடு, தம்பிகளோடு ஒரே கூரையின் கீழ் இருந்திருக்க வேண்டும். 1881 கணக்கில் அவர் டேவிஸாகிவிட்டிருப்பார், ஒருவேளை விதவையாகக்கூட. ஆகவே அவரை அவருடைய சொந்த வீட்டில் பார்க்கக் கிடைக்கும் ஒரே ஜன்னல் 1871தான்.

அந்த ஜன்னலில் ‘மேரி கெல்லி’ என்ற பெயரைத் தேடாதீர்கள். ஒரு குடும்பத்தின் வடிவத்தைத் தேடுங்கள். குடும்பத் தலைவர் ஜான், அயர்லாந்தில் பிறந்தவர், இரும்பு வேலை. ஏழெட்டு வயதில் ஒரு மேரி, அவளும் அயர்லாந்துப் பிறப்பு. ஒரு ஹென்றி. இன்னும் பையன்கள், அவர்களில் இளையவர்கள் வேல்ஸில் பிறந்தவர்கள். ஒரே ஒரு பெண் உடன்பிறப்பு. தனி மேரி கெல்லிகள் எத்தனையோ பேர் கிடைப்பார்கள். இந்த வடிவம் முழுதாகப் பொருந்தும் வீடு மிக அரிது. அதிலும் ஹென்றி என்ற பெயர் உங்கள் பிடிமானம். ஜான், பாட்ரிக், மைக்கேல் போல ஐரிஷ் கத்தோலிக்க வீடுகளில் மலிந்து கிடக்கிற பெயர் அல்ல அது.

ஒரு ஏமாற்றத்துக்கும் தயாராக இருங்கள். இங்கிலாந்து–வேல்ஸ் கணக்கில், அங்கே பிறந்தவர்களுக்கு ஊர் பெயர் எழுதினார்கள். அயர்லாந்தில் பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் ‘அயர்லாந்து’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார்கள். லிமெரிக் என்று எழுதிய வீடு கிடைத்தால் அது அதிர்ஷ்டம்.

அந்தக் குடும்பத்தின் அம்மா பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது?

தம்பிகள் மூலமாக. மேரியின் பிறப்பு அரசு ஏட்டில் இல்லாமல் போகலாம். ஆனால் வேல்ஸில் பிறந்த தம்பிகள் அங்கே பதியப்பட்டிருப்பார்கள்; இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுப் பதிவு 1837 ஜூலையிலேயே தொடங்கிவிட்டது. பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணை ஒவ்வொரு பிறப்புக்கும் அம்மாவின் பிறந்தவீட்டுப் பெயரைத் தருகிறது. ஒரே பதிவு மாவட்டத்தில், 1865 முதல் 1880 வரை பிறந்த கெல்லிப் பிள்ளைகள் அனைவரையும் எடுத்து, அம்மாவின் பெயர்வாரியாகக் கட்டுக் கட்டாகப் பிரியுங்கள். ஆறு பையன்கள் ஒரு கட்டில் சேர்ந்தால் நிமிர்ந்து உட்காருங்கள்.

அந்தப் பிறந்தவீட்டுப் பெயர் கைக்கு வந்ததும் லிமெரிக் ஏடுகளுக்குத் திரும்புங்கள். அதுவரை கெல்லிகளின் காடாக இருந்த இடத்தில் ஒற்றையடிப் பாதை ஒன்று தெரியும். ஜான் கெல்லிக்கும் அந்தப் பெயருடைய பெண்ணுக்கும் 1864க்கு முன் நடந்த கத்தோலிக்கத் திருமணத்தை அரசு ஏட்டில் தேடிப் பயனில்லை. அதுவும் கோயில் ஏட்டில்தான் இருக்கும்.

டேவிஸுடன் நடந்த கல்யாணம் ஏன் கிடைக்கவில்லை?

கிடைத்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். இங்கிலாந்து–வேல்ஸ் திருமணச் சான்றிதழில் மணமகளின் அப்பா பெயரும் தொழிலும் இருக்கும். ‘ஜான் கெல்லி, இரும்பு ஆலை மேஸ்திரி’ என்ற ஒரு வரி நம் தேடலில் பாதியை முடித்துவிடும்.

சிக்கல் இதுதான்: 1912க்கு முந்தைய திருமண அட்டவணையில் துணையின் குடும்பப் பெயர் இராது. ஒரு மேரி கெல்லிக்கும் ஒரு டேவிஸுக்கும் ஒரே காலாண்டு, ஒரே மாவட்டம், ஒரே தொகுதி, ஒரே பக்க எண் வருகிறதா என்று பொருத்திப் பார்க்க வேண்டும். ஒரே பக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடிகள் இருப்பார்கள். வேல்ஸில் டேவிஸ் என்பது நம்மூர் முருகன் போல. தெருவுக்கு நாலு பேர். இருவரும் முறைப்படி மணம் செய்துகொள்ளவே இல்லை என்ற சாத்தியத்தையும் ஒதுக்க முடியாது. இறப்புப் பதிவில் ‘மேரி ஜீனெட் கெல்லி என்கிற டேவிஸ்’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அதுவும் பார்னெட் சொன்னதிலிருந்து வந்ததே.

வெடிவிபத்துப் பட்டியல்களில் அந்தக் கணவரைப் பிடிக்க முடியாதா?

பலர் முயன்றிருக்கிறார்கள். 1863இல் பிறந்து, பதினாறில் மணந்து, இரண்டு மூன்று வருடத்தில் விதவையானார் என்றால் விபத்து 1880–1882 வாக்கில். 1880 ஜூலை 15இல் ரிஸ்காவில் 120 பேரும், அதே ஆண்டு டிசம்பர் 10இல் பெனிகிரைக்கில் 101 பேரும் இறந்தார்கள். இந்தப் பெரிய பட்டியல்களில் டேவிஸ்கள் இருப்பதில் வியப்பில்லை.

எனக்கு வேறொரு எண்ணம். பெரிய விபத்துகளுக்கு நிவாரண நிதி திரட்டுவார்கள். விதவைகளின் பெயர், வயது, பிள்ளைகள் எண்ணிக்கை எல்லாம் செய்தித்தாளில் வரும். பதினேழு பதினெட்டு வயது மேரி டேவிஸ் அங்கே இருந்திருந்தால் இந்நேரம் கண்ணில் பட்டிருப்பார் என்று நினைக்கிறேன். ஒன்றிரண்டு பேரை மட்டும் கொன்ற சிறு வெடிப்புகள் அந்தக் காலச் சுரங்கங்களில் அடிக்கடி நடந்தன. அவை உள்ளூர்ப் பத்திரிகையில் நாலு வரியாக வந்து மறைந்தன. வேல்ஸ் தேசிய நூலகத்தின் இலவச நாளிதழ்த் தொகுப்பில் அந்த நாலு வரிகளைத் தேடுவதுதான் இனி பயன் தரும்.

ராணுவத்தில் இருந்த ஹென்றி?

அரசு ஏடு அதிகமாகக் கவனித்த ஒரே உறுப்பினர் அவர்தான் என்பதால் எனக்கு அவர்மேல் நம்பிக்கை அதிகம். ராணுவ ஆவணத்தில் பிறந்த ஊர், சேர்ந்த வயது, முந்தைய தொழில், சில சமயம் நெருங்கிய உறவினர் பெயர் வரை இருக்கும். பிரிட்டனின் கியூ தேசிய ஆவணக் காப்பகத்தில் பொதுவான சிப்பாய்களின் விடுவிப்பு ஆவணங்கள் இருக்கின்றன. கார்ட்ஸ் படைகள் தங்கள் வீரர்களின் தாள்களை நெடுங்காலம் தாங்களே தனியாக வைத்திருந்தன என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஒரு இடத்தில் காணவில்லை என்றால் மறு இடமும் உண்டு.

‘ஜான்டோ’ என்ற பெயரைக் கொஞ்சம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வேல்ஸ் மொழியில் ஜானுக்கு நிகரான இவான் என்ற பெயரைச் செல்லமாக ‘யான்டோ’ என்பார்கள். ஹென்றி என்ற ஐரிஷ் பையனுக்கு ஏன் ஜானின் வேல்ஸ் செல்லப்பெயர்? அவர் ஜான் ஹென்றியாக இருக்கலாம். ராணுவத்தில் அப்பாவின் பெயரைக் கொடுத்துச் சேர்ந்திருக்கலாம். ஆகவே ராணுவ ஏட்டில் ஹென்றி கெல்லியை மட்டும் தேடுகிறவர்கள் ஜான் கெல்லிகளையும் பார்க்க வேண்டும். இது என் ஊகம்தான். ஆனால் லண்டன் மீன் சந்தைச் சுமைகாரர் ஒருவர் தானாகக் கற்பனை செய்துவிட முடியாத சொல் அது. மேரி வேல்ஸில் வளர்ந்தார் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நெருக்கமான சாட்சி அந்த ஒற்றைச் செல்லப்பெயர்.

அவர் பெயரே கெல்லி இல்லை என்றால்?

அப்படியும் இருக்கலாம். பிரான்சுக்கு ஒருவருடன் போய் இரண்டு வாரத்தில் திரும்பி வந்த பிறகு தன்னை ‘மேரி ஜீனெட்’ என்று பிரெஞ்சு பாணியில் அழைத்துக்கொண்டவர் அவர். முதற்பெயரை மாற்றிக்கொண்டவர் குடும்பப் பெயரையும் மாற்றியிருக்கலாம். அவர் செய்த பாலியல் தொழிலில், குடும்பத்துக்குத் தலைகுனிவு வரக்கூடாது என்று பெயரை மறைத்தவர்கள் உண்டு. அப்படியானால் ஜான் கெல்லியும் ஹென்றி கெல்லியும் இல்லாத மனிதர்கள். ஆனால் இரும்பு ஆலை மேஸ்திரியும் சிப்பாய் சகோதரரும் சந்தை சந்தையாகப் போகும் அக்காவோ தங்கையோ அப்படியே உண்மையாக இருக்கலாம். பெயரைவிடக் குடும்பத்தின் வடிவத்தைத் தேடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மரபணுச் சோதனையில் தெரிந்துவிடாதா?

எதனுடன் ஒப்பிடுவது? லேட்டன்ஸ்டோனில் இன்று இருக்கும் நினைவுக்கல் பிற்காலத்தில் வைத்தது. உடல் துல்லியமாக எங்கே இருக்கிறது என்பதற்கு அது அடையாளம் அல்ல. 2017இல் லெஸ்டர் பல்கலைக்கழகக் குழு ஒன்று ஆராய்ந்து, அவரைத் தேடி எடுப்பதற்குச் சுற்றிலும் அடக்கமான பலருடைய எலும்புகளைக் கலைக்க வேண்டிவரும், வெற்றிக்கு வாய்ப்பு மிகக் குறைவு என்று முடிவு சொன்னது. அந்த முடிவு எனக்கு நிம்மதி தந்தது. அவர் உடலை ஒருமுறை ஊர் முழுக்கப் பார்த்தாயிற்று.

ஒரு குடும்பம் பொருந்துகிறது. அதுதான் என்று எப்படி உறுதி செய்வது?

முதலில் அது அவர் இல்லை என்று நிரூபிக்க முயலுங்கள். நீங்கள் கண்டெடுத்த மேரி கெல்லியை முன்னோக்கித் தொடருங்கள். 1888 நவம்பருக்குப் பிறகு அவர் கல்யாணம் செய்துகொண்டாரா? இங்கிலாந்து–வேல்ஸின் 1891 கணக்கில் இருக்கிறாரா? யாருடைய குழந்தைக்காவது ஞானத்தாயாக நின்றாரா? உயிரோடு இருந்தால் அவர் நாம் தேடுபவர் அல்ல. இணையத்தில் ‘கண்டுபிடித்தாயிற்று’ என்று கொண்டாடப்பட்ட மேரிகள் பலர் இந்த ஒரே சோதனையில் உதிர்ந்துபோனார்கள்; கெல்லியின் வேடத்தில் நிறுத்தப்பட்ட அவர்கள் எங்கோ பேரன் பேத்தி எடுத்து நிம்மதியாகக் கண்மூடியிருந்தார்கள்.

பிறகு, ஒன்றையொன்று சாராத இரண்டு சான்றுகள் வேண்டும். பார்னெட் சொன்னது ஒரு சான்று. பார்னெட் சொன்னதை எழுதிய பத்துப் பத்திரிகைகளும் சேர்ந்து அதே ஒரு சான்றுதான். ஞானஸ்நான ஏடும் ராணுவ ஏடும் ஒரே குடும்பத்தைக் காட்டினால் அப்போது பேசலாம். அதுவரை அந்தக் குடும்பத்தின் இன்றைய வாரிசுகள் யார் என்று பொதுவில் எழுதாதீர்கள். கேட்காமல் ஒரு குடும்பத்தின்மேல் இந்தச் சாவைச் சுமத்த நமக்கு உரிமை இல்லை.

அடக்கத்துக்குக் குடும்பத்தார் யாரும் வரவில்லையா?

நவம்பர் 19ஆம் தேதி அடக்கம் நடந்தது. ஷோர்டிச் புனித லெனார்டு கோயிலின் கோயில்பிள்ளை ஹென்றி வில்டன் தன் கைக்காசில் செலவை ஏற்றார். தெரு நெடுக ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். சவப்பெட்டியின் தகட்டில் பெயர், இறந்த தேதி, வயது இருந்தன. உறவென்று எவரும் வரவில்லை.

வராததை வைத்துக் குடும்பமே இல்லை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஒதுக்கிவைத்த மகளாக இருக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத வீடாக இருக்கலாம். பத்திரிகையில் வந்த மேரி ஜீனெட் தங்கள் மகள்தான் என்று அவர்களுக்குத் தெரியாமலே போயிருக்கலாம்.

இன்னும் யாரும் சரியாகத் தேடாத இடம் எது?

வீட்டுக்காரர் ஜான் மெக்கார்த்தி பத்திரிகைக்காரர்களிடம் சொன்ன ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்: மேரிக்கு அயர்லாந்திலிருந்து கடிதங்கள் வரும், அம்மா அங்கே இருக்கிறார் என்று கேள்வி. அது உண்மையானால் 1888இல் அம்மா வேல்ஸில் இல்லை, ஊர் திரும்பியிருக்கிறார். திரும்பியிருந்தால், மிஞ்சியிருக்கும் அந்த 1901 ஐரிஷ் கணக்கில் அகப்படலாம்.

அந்தக் கணக்கில் ஒவ்வொருவரும் பிறந்த மாவட்டத்தை எழுத வேண்டும். அயர்லாந்துக்கு வெளியே பிறந்திருந்தால் நாட்டின் பெயரை. வயதான ஜான் கெல்லியோ ஒரு விதவை கெல்லி அம்மாளோ லிமெரிக்கில் இருந்து, அதே வீட்டில் முப்பது வயதை ஒட்டிய மகன் ஒருவரின் பிறப்பிடக் கட்டத்தில் ‘வேல்ஸ்’ என்று இருந்தால், அந்த வீட்டின் படிவத்தை நான் பார்க்க வேண்டும். அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இது இலவசம். குடும்பப் பெயர் கெல்லி, மாவட்டம் லிமெரிக் என்று போட்டு, பிறப்பிட நிரலைக் கண்ணால் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். கீலி, கெல்லே, ஓ’கெல்லி என்று ஒவ்வொரு எழுத்துக்கூட்டலுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். பிறகு பக்கத்து மாவட்டங்களான கிளேர், டிப்பரரி, கெர்ரி, கார்க். நான் லிமெரிக் நகரத்தை முடித்துவிட்டேன். கிழக்கு லிமெரிக் கிராமங்களில் இருக்கிறேன்.